இருபத்திரண்டாவது நிமிஷம்

பிப்ரவரி 4, செவ்வாய்

கிழவி இன்றைக்கும் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். நாலாவது தடவை. இரண்டு விக்கல், ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். ஓரங்கட்ட மட்டும் வேகம் மிச்சம் இருந்தது. வேறு எவனாவது ஸ்டீரிங்கில் இருந்திருந்தால் நடுரோட்டில் கிடந்திருப்போம்.

கிழவி என்றால் அண்ணன் கார். என்னைவிட ஒரு வயது மூத்தவள். மில் முதலாளி நாட்டை விட்டுப் போகும்போது, முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்த என் அண்ணனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணனுக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டுவது நான். அவளுக்கு எண்ணெய் விடுவது, குளிப்பாட்டுவது, திட்டுவது எல்லாம் நான். கார் ஷெட்டுக்கு மேலே இருக்கும் அறையில் நான் இருப்பதற்கும் அதுதான் காரணம். வேறு காரணம் யாரும் சொன்னதில்லை.

செவ்வாயும் வெள்ளியும் அண்ணனுக்கு ரத்தம் சுத்தம் பண்ணும் மிஷின். எட்டு மணிக்கு நாற்காலியில் இருக்க வேண்டும். எட்டரை தாண்டினால் அடுத்த ஆளை உட்கார வைத்துவிடுவார்கள். இன்றைக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டு நாற்பது. நர்ஸ் கையை விரித்துவிட்டாள்.

இந்தக் காலத்து வண்டியில் அண்ணனை ஏற்ற முடியாது. இடுப்பில் இரும்பு, இடது கால் மடங்காது. கிழவியின் முன்கதவு பீரோ கதவு மாதிரி திறக்கும். முன்சீட்டு ஒரே பெஞ்சு. காலை நீட்டி என் பக்கத்தில் ராஜா மாதிரி வருவார்.

வண்டி நின்றதும் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். என் நோட்டில் நானே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. ஆறு பேர்.

பிப்ரவரி 5

வீட்டில் கூட்டம் போட்டார்கள். கூட்டம் என்றால் அண்ணி, அண்ணன் மகள், நான். ஆஸ்பத்திரிக்கே ஒரு வேன் இருக்கிறதாம், பின்னால் படுக்கை இறங்குமாம். மகள் பெயர் கொடுத்து வைத்திருக்கிறாள். மாதக் கடைசிக்குள் இடம் கிடைக்கும்.

"சித்தப்பா, கோவிச்சுக்காதீங்க. போன வாரம் அப்பாவுக்குக் கால் எப்படி வீங்கிடுச்சு பாத்தீங்கல்ல?"

"எனக்கு ஒரு வாரம் குடும்மா. கப்பல் இன்ஜினையே பிரிச்சுப் போட்டவன் நான்."

"எந்தக் கப்பல்?" என்றார் அண்ணி.

கப்பல் இல்லை, படகு. அதுவும் பிரித்தவன் வேறு ஒருத்தன், நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். ஆனால் கூர்ந்து பார்த்தேன். பார்ப்பதும் படிப்புதான். எட்டாவது தாண்டாத நான் இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியது பார்த்துப் பார்த்துத்தானே?

பிப்ரவரி 7, வெள்ளி

நிற்கவில்லை! ஏழு ஐம்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரி வாசல். நேற்று நான் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றினேன், அதுதான் வைத்தியம். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்கிறது என்று நேற்றே சொன்னேன். நர்ஸுகளிடம் விளக்கமாகச் சொன்னேன். ஒருத்தி வாயைப் பிளந்து கேட்டாள்.

வழியில் பங்கில் நிறுத்தி டேங்கை நிரப்பினேன். அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இனிமே நான் இருக்கும்போது பங்க்ல நிறுத்தாதடா. நாத்தம் தாங்கல."

பெட்ரோல் வாடை அவருக்கு ஆகவே ஆகாது. மிஷின் முடிந்து வரும் வழியில் வாந்தி எடுத்துவிடுவார். அதற்கும் போன மாதம் நான்தான் வழி செய்தேன். டேங்க் மூடியின் அடித்தகட்டில் பொடி ஓட்டை ஒன்று இருந்தது, வாடை அதன் வழியாகத்தான் கசிந்தது. ஈயம் வைத்து அடைத்தேன். லாரி டியூப்பை வெட்டி வாஷர் போட்டேன். இப்போது மூடியைத் திருகினால் ஒரு எறும்பு மூச்சுவிட முடியாது. கம்பெனிக்காரனே பண்ணாத வேலை.

பிப்ரவரி 11, செவ்வாய்

நின்றாள். துணி சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது, இருந்தும் நின்றாள்.

கிளம்பி இருபத்திரண்டாவது நிமிஷம் என்றார் அண்ணன். மில் கொடுத்த கைக்கடிகாரம் இன்னும் அவர் கையில் இருக்கிறது.

பானெட்டைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் வடிகட்டும் கண்ணாடிக் குப்பி காலி. பம்ப் இழுக்கவில்லை. இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்தோம். பிறகு தானாகவே கிளம்பினாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. இன்றைக்கும் நாற்காலி போய்விட்டது. கெஞ்சிக் கூத்தாடி நாளைக்கு ஒரு இடம் வாங்கினேன்.

உட்கார்ந்திருந்த நேரத்தில், மலைப்பாதையில் பிரேக் இல்லாமல் பதினெட்டு வளைவு இறக்கிய கதையை அண்ணனுக்குச் சொன்னேன். "போன தடவை பன்னெண்டு வளைவுதானே?" என்றார். சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரித்தார்.

பிப்ரவரி 13

பம்ப் மாற்றியாயிற்று. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று. கண்ணாடியின் பட்டறையில்தான். சோடாப் புட்டி மாதிரி மூக்குக்கண்ணாடி போட்டிருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். முப்பது வருஷ சிநேகிதம். குச்சி விட்டு டேங்கில் பெட்ரோல் பார்த்தான், ஒரு சுற்று ஓட்டினான், நிற்கவே இல்லை.

"ஒரு வாரம் எங்கிட்ட விட்டுட்டுப் போ. நின்னு பார்த்தாத்தான் ஏன் நிக்குதுன்னு தெரியும்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. அண்ணனை யார் கூட்டிட்டுப் போவா, உன் மாமனாரா?"

பிப்ரவரி 14, வெள்ளி

நின்றாள்.

பிப்ரவரி 15

என்ன எழுத. ஷெட்டில் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன், பூனை மாதிரி உறுமிக்கொண்டே இருந்தாள். ரோட்டில் போனால் மட்டும் செத்துவிடுகிறாள். எனக்கு என்று வந்து வாய்த்திருக்கிறாள். பொறி போடும் காயிலை மாற்றினேன். கண்டன்சர் மாற்றினேன். பங்க்காரனிடம் போய் பெட்ரோலில் தண்ணீர் என்று சத்தம் போட்டேன். அவன் ஒரு பாட்டிலில் பிடித்து வெயிலில் காட்டினான். தண்ணீர் இல்லை. "பெரியவரே, போய் வேலையைப் பாருங்க" என்றான். பெரியவராம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பாலம். இருபத்திரண்டாவது நிமிஷம்.

அண்ணனுக்கு மூச்சு வாங்குகிறது. நாலு படி ஏற இரண்டு தடவை நிற்கிறார். டாக்டர் என்னைப் பார்க்காமல், கூட வந்திருந்த அண்ணியைப் பார்த்துச் சொன்னார்: "இன்னும் ரெண்டு தடவை தவறினா நுரையீரல்ல நீர் கோத்துக்கும். அப்புறம் நான் பொறுப்பில்ல." வீட்டு வாசலில் இறங்கும்போது அண்ணி கேட்டார்:

"தம்பி, உங்களுக்கு நிஜமாவே இந்த வண்டி வேலை தெரியுமா?"

வண்டியைத் தொட்ட இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

பிப்ரவரி 20

செய்திருக்கக் கூடாது. செய்துவிட்டேன்.

கண்ணாடியின் பட்டறை வாசலில் நின்று கத்தினேன். என் பழைய கார்புரேட்டரைக் கழற்றி எவனுக்கோ தள்ளிவிட்டு, ஓட்டை உடைசலை மாட்டிவிட்டான் என்று கத்தினேன். "வாடிக்கைக்காரன் அண்ணன் சாகக் கிடக்கான், இவன் சாமான் திருடறான்" என்றேன். அதை நான் நம்பினேனா? கத்தும்போது நம்பினேன். வண்டி விட வந்த இரண்டு பேர் அப்படியே திரும்பிப் போனார்கள்.

அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி சட்டையில் துடைத்தான். ஒரு வார்த்தை திருப்பிப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 21, வெள்ளி

நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்றும் தெரியவில்லை. பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டதால் அண்ணன் சொல்லையும் மீறிப் பங்கில் நிறுத்தினேன். அவருக்குக் கோபம். "நேத்தே போட்டு வெக்கறதுக்கு என்ன?" என்றார். ஆஸ்பத்திரி வரைக்கும் முகம் கொடுக்கவில்லை.

சரியான நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவன்மேல் எதற்குக் கோபம்?

பிப்ரவரி 25, செவ்வாய்

நேற்றே டேங்கை நிரப்பினேன். நின்றாள். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு சாய்ந்துகொண்டார். "ஏதாவது சொல்லேன்டா" என்றார். எனக்கு எந்தக் கதையும் வரவில்லை.

வேனில் இடம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை முதல் வேன். மகள் சொன்னாள். ஷெட்டை இடித்துவிட்டால் வீட்டுக்கு வெளிச்சம் வரும் என்று எப்போதோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஷெட்டை இடித்தால் அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் என் அறை?

பிப்ரவரி 27

காலையில் கேட்டுக்கு வெளியே கண்ணாடி நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"வண்டிய எடு. நான் பக்கத்துல உட்கார்றேன். என் பேரு தெருவுல கிடக்குது, அதைப் பொறுக்கிட்டுப் போக வந்தேன்."

போனோம். ஒரு பேச்சு இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததில்லை. பாலம் வந்தது. விக்கல், பெருமூச்சு, நின்றாள். அவன் பானெட் பக்கமே போகவில்லை. குப்பி காலியா என்று மட்டும் கேட்டான். காலி என்றேன். நேராக வண்டியின் பின்னால் போய் டேங்க் மூடியைத் திருகினான். திருக வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினான்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். வெளியே வரும் காற்று இல்லை, உள்ளே போகும் காற்று. டேங்க் மூச்சை இழுத்துக்கொண்டது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணு."

நாலு சுற்றில் பிடித்துக்கொண்டாள்.

மூடியைக் கவிழ்த்து வெயிலில் காட்டினான். என் ஈயம் பளபளவென்று இருந்தது. "பெட்ரோல் வெளிய போற அளவுக்குக் காத்து உள்ள வரணும். இந்த மூடி வழியா வராது. அப்போ பம்ப் எதை இழுக்கும்? ஷெட்டுல சும்மா ஓடினா கொஞ்சமாக் குடிக்கும், நிக்காது. ரோட்டுல நிறையக் குடிக்கும், நின்னுடும். கொஞ்ச நேரம் போனா எங்கயாவது கசிஞ்சு காத்து ஏறும், மறுபடி ஓடும்." பிறகு கேட்டான்: "இதை யாரு அடைச்சது?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"தெரியலையே. முன்ன வெச்சிருந்தவங்க யாராவது இருக்கும்" என்றேன்.

அவன் மூடியில் என் டியூப் வாஷரைத் தொட்டுப் பார்த்தான். அந்த டியூப்பை அவன் பட்டறையில்தான் நான் வாங்கினேன். மூடியை என் கையில் வைத்துவிட்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்துபோய் பஸ் ஏறினான்.

ஈயத்தை நானே துளைத்தேன். அரை நிமிஷ வேலை.

அதே நாள், சாயங்காலம்

அண்ணன் அறைக்குப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று வாசலிலேயே ஜோடித்து வைத்திருந்தேன். நானே யோசித்து, நானே கணக்குப் போட்டு...

"அண்ணே, கண்டுபிடிச்சுட்டேன்."

"மூடிதானே?" என்றார்.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"பங்க்ல நிறுத்தி மூடியத் தொறந்த நாள்ல போய்ச் சேர்ந்தோம். தொறக்காத நாள்ல நின்னுச்சு. ஆள் வர்ற நேரம் போற நேரம் எழுதியே காலம் தள்ளினவன்டா நான். எனக்குத் தெரியாதா?"

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து."

"அப்புறம் ஏன் வாயே தொறக்கல?"

இடது கையை நீட்டிக் காட்டினார். ஊசி ஏறி ஏறி நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. "அங்க நாலு மணி நேரம். கடியாரமே நகராது. இங்க ரோட்டோரம் கதவைத் தொறந்து வெச்சுட்டு நீ புளுகறதைக் கேட்டுட்டு இருந்தேன். நல்லா இருந்துச்சு. அதுவா நின்னுச்சு, நான் நிறுத்தலையே. யார்கிட்டயும் 'எனக்குப் போதும்'னு சொல்ல வேண்டியதில்ல."

"அண்ணே, செத்துப் போவே."

"அது எனக்கு உன்னைவிட நல்லாத் தெரியும்."

பிப்ரவரி 28, வெள்ளி

தூக்கம் இல்லை. கோபம் கோபமாக வருகிறது. அண்ணன் தெரிந்தே உட்கார்ந்திருக்கிறான்! பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு, நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு! பங்க்காரன் முன்னால் அசிங்கப்பட்டேன். அண்ணி முன்னால் அசிங்கப்பட்டேன். ஒரே ஒரு சிநேகிதனைத் திருடன் என்றேன். வாயைத் திறந்து "மூடிடா" என்று இரண்டெழுத்துச் சொல்லியிருந்தால்... இரண்டா, மூன்றா, எனக்கு எண்ணத்தான் தெரியுமா.

மூடியை அடைத்தவன் நான்தான். அவனுக்குக் குமட்டக் கூடாது என்றுதான் அடைத்தேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

காலையில் வேன் வந்தது. அண்ணன் ஏற மாட்டேன் என்றுவிட்டார். "தம்பி ஓட்டினா வர்றேன். இல்லன்னா வரல." அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார், கண் கலங்கியிருந்தது. வண்டி சரியாயிற்று, மூடி அடைத்துக்கொண்டிருந்தது, அடைத்தவன் நான்தான் என்று சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. "ஒரு மூடிக்கா இவ்வளவு?" என்றாள் மகள். வேனைத் திருப்பி அனுப்பினார்கள்.

எட்டுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். அவர் ஏன் என்னோடு வர ஆசைப்பட்டார் என்று வழியெல்லாம் யோசித்தேன். பெருமையாக இருந்தது என்று எழுத நினைக்கிறேன்.

மார்ச் 2

கண்ணாடியின் பட்டறைக்குப் போனேன். நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லார் முன்னாலும் திட்டியதால் எல்லார் முன்னாலும்தான் சொல்ல வேண்டும். "மூடியை அடைச்சது நான்தான். இவன்மேல ஒரு தப்பும் இல்ல. இவன்தான் கண்டுபிடிச்சான்" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அடுத்த கதைய ஆரம்பிச்சுட்டார்யா! இதுல கப்பல் எப்ப வரும்?" என்றான் ஒருத்தன்.

கண்ணாடி சிரிக்கவில்லை. அவனுக்குத் தெரியும் அது நிஜம் என்று. "நகரு, வெளிச்சத்தை மறைக்கிற" என்றான்.

மார்ச் 4, செவ்வாய்

பாலம் தெரிந்ததும் அண்ணன் டாஷ்போர்டைத் தட்டினார்.

"நிறுத்து."

"வண்டி நல்லாத்தான் ஓடுது அண்ணே."

"அதான் சொல்றேன், நீ நிறுத்து. அரை மணி நேரம். வீட்டுல நின்னுடுச்சுன்னு சொல்லு."

நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் அவ்வளவு புளுகறியே. எனக்காக ஒண்ணே ஒண்ணு வராதா?"

பாலம் தாண்டிவிட்டது. எனக்குக் கண் மங்கியது, எதிரே லாரி வந்தது, ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே போனேன். டாக்டர் சொன்ன இரண்டு தடவையில் ஒரு தடவை முடிந்துபோயிற்று என்று கத்தினேன். ஏழு ஐம்பத்திரண்டு.

திரும்பும்போது பெட்ரோல் வாடையில் இரண்டு தடவை வாந்தி. பையை நான் பிடித்தேன். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

ஏழு ஐம்பது. கதவைத் திறந்துவிட்டேன். பதினெட்டு வளைவுக் கதையை எடுத்தேன், இருபத்துநாலு வளைவாக்கினேன். அவர் திருத்தவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஏழு ஐம்பத்தொன்று. பேச்சு இல்லை.

மார்ச் 14

பேச்சு இல்லை. வீக்கம் வடிந்துவிட்டது. படி ஏறுகிறார்.

மார்ச் 25, செவ்வாய்

ஏழு நாற்பத்தொன்பது. இன்றைக்கு அண்ணியும் கூட வந்தார். ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர், இப்படியே வந்தால் வருஷக்கணக்கில் ஓட்டலாமாம். அண்ணி எல்லார் முன்னாலும் என்னைக் காட்டி, பிறகு அண்ணனைக் காட்டி, "இவர் இல்லன்னா இவர் இல்ல" என்றார். டாக்டர் எனக்குக் கை கொடுத்தார். மெத்தென்ற கை. முன்பு வாயைப் பிளந்து கேட்ட அந்த நர்ஸ் ஊசியைச் செருகிக்கொண்டே கேட்டாள்:

"அவ்வளவு பேரு பார்த்தும் சரியாகலைன்னீங்களே, கடைசியில எப்படிச் சரி பண்ணீங்க?"

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒரு ஓட்டை போட்டேன்மா" என்றேன்.

அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.